சிங்க் முடிந்தது என்கிறது, கோப்பு எங்கே?

கோப்புகளை இணையத்தில் வைத்து, எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் சிங்க். அதைச் செய்யும் சேவைகளில் டிராப்பாக்ஸ் இலவசமாகத் தரும் இடம் 2 ஜிபி, ஒன்டிரைவிலும் ஐகிளவுடிலும் 5, கூகுள் டிரைவில் 15. பெரும்பாலோர் இதை மட்டும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த 15 ஜிபியில் ஜிமெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் பங்கு உண்டு. நிரம்பினால் புது மெயில்கூட வராது. இருந்தாலும் இடப் பற்றாக்குறை காசு கொடுத்தால் தீர்ந்துவிடும். காசு கொடுத்தும் தீராத தொல்லைகளை வைத்து ஒப்பிடுவதுதான் உருப்படியான வேலை.

முதல் தொல்லை, கண்ணுக்குத் தெரியும் கோப்பு கையில் இல்லாமல் இருப்பது. ஒன்டிரைவில் நீல மேகக் குறி இருந்தால் டிஸ்கில் இருப்பது வெறும் பெயர்ப்பலகை. இணையம் இல்லாவிட்டால் திறக்காது. பச்சை வளையத்துக்குள் டிக் இருந்தால் இறங்கியிருக்கிறது, ஆனால் இடம் குறையும்போது விண்டோஸ் அதை மறுபடி காலி செய்யலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால்தான் நம்பலாம். அதற்கு ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுக்க வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை பேக்கப் என்ற பெயரில் ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வது இன்னொரு கூத்து. பேக்கப்பை நிறுத்தியதும் டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் எல்லாம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப்பில்தான் இருக்கும்.

ஐகிளவுடில் 'ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்' ஓடிக்கொண்டிருந்தால் எதை வெளியேற்றுவது என்று மேக்கே முடிவெடுக்கும். ஒரு ஃபோல்டரை மட்டும் பிடித்துவைக்கும் வசதி 2024-இல் மேக்கின் செக்கோயா பதிப்போடுதான் வந்தது. ஆப்பிள் தவிர வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கு ஐகிளவுடைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

கூகுள் டிரைவில் செட்டிங்ஸுக்குப் போய் 'ஸ்ட்ரீம்' என்பதை 'மிரர்' ஆக்கினால் கோப்புகள் முழுதாக இறங்கும். ஆனால் கூகுள் டாக்ஸில் எழுதியவை அப்போதும் இறங்காது. கணினியில் தெரிவது இணையத்தில் இருப்பதைக் காட்டும் இணைப்பு மட்டுமே. அதைப் பென்டிரைவில் நகலெடுத்தால் உள்ளடக்கம் அதோடு சேர்ந்து போகாது. வேர்டு வடிவில் தனியாக டவுன்லோடு செய்ய வேண்டும்.

பெரிய கோப்புகளில் டிராப்பாக்ஸ் கைதேர்ந்தது. கோப்பை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். ஒன்டிரைவ் 2020-இல்தான் எல்லா வகைக் கோப்புகளுக்கும் இந்த வழிக்கு வந்தது. வெராகிரிப்ட் கன்டெய்னர் (கடவுச்சொல்லால் பூட்டிய, பல கோப்புகளை உள்ளடக்கிய ஒரே பெரிய கோப்பு) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளே எழுதினாலும் கன்டெய்னரின் தேதி மாறாதபடிதான் அது இயல்பாக அமைக்கப்பட்டிருக்கும். தேதி மாறாததால் மாற்றமே நடக்கவில்லை என்று சிங்க் மென்பொருள் கடந்துவிடும். வெராகிரிப்டின் பிரிஃபரன்ஸில், தேதியை மாறாமல் வைக்கும் தேர்வின் டிக்கை எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் கன்டெய்னரை டிஸ்மவுன்ட் செய்து மூடினால் அப்லோடு ஆகும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 3 கருவிகளுக்கு மேல் இணைக்க முடியாது என்பதுதான் உறுத்தல்.

ஒரே கோப்பை இரண்டு இடத்தில் திருத்தினால் டிராப்பாக்ஸும், கருவிகளை நேரடியாக இணைக்கும் சிங்க்திங் என்ற மென்பொருளும் இரண்டாவது பிரதிக்கு முரண் என்று பெயரிட்டு அருகிலேயே வைக்கும். ஒன்டிரைவ் கணினியின் பெயரை ஒட்டும். கிட் ரெப்போவை (நிரல் எழுதுவோர் மாற்றங்களின் வரலாற்றைச் சேர்த்துவைக்கும் ஃபோல்டரை) மட்டும் எந்தச் சேவையின் ஃபோல்டருக்குள்ளும் போடாதீர்கள். ஒன்றையொன்று சார்ந்த பல சிறு கோப்புகள் முன்பின்னாகப் போய்ச் சேரும். பாதி வழியில் மற்ற கணினியில் கமிட் செய்தால் (மாற்றத்தைப் பதிவு செய்தால்) ரெப்போ கெடும்.

அழித்ததை மீட்க நான்கு பெரிய சேவைகளின் சாதாரணக் கணக்குகளும் பொதுவாக 30 நாள் தருகின்றன. சிங்க்திங்கில் கோப்பைச் சேமித்துவைக்கும் சர்வரே கிடையாது. இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். எப்போதும் அணையாத ஒரு கணினி இருந்தால் இதுவே எங்கள் தேர்வு. ஆனால் இயல்பில் குப்பைத்தொட்டி கிடையாது, ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும். ஃபோல்டரின் 'ஃபைல் வெர்ஷனிங்' பகுதியில் பழைய பிரதிகளை இடைவெளி விட்டுச் சேமிக்கும் 'ஸ்டேகர்டு' வைக்கலாம். அதுவும் மறுமுனையிலிருந்து வரும் மாற்றங்களுக்கு மட்டுமே பழைய பிரதியைச் சேமிக்கும். ஆகவே இரு கருவியிலும் தனித்தனியாக இயக்க வேண்டும்.