ஸ்டெஹரா, ரிக்டரா?

1970களில் பெண்கள் 100 மீட்டரில் யார் ராணி என்று கேட்டால், 'ஜெர்மனிக்காரி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எந்த ஜெர்மனி என்பதில்தான் வம்பு. கிழக்கில் யேனா நகரக் கிளப்பின் ரெனாட்டே ஸ்டெஹர், மேற்கில் டார்ட்மண்டின் அன்னெக்ரெட் ரிக்டர். இருவருமே 1950-ல் பிறந்தவர்கள். ஸ்டெஹர் ஐந்து மாதம் மூத்தவர்.

ஒலிம்பிக் பதக்கக் கணக்கில் ஸ்டெஹருக்கு ஆறு, அதில் தங்கம் மூன்று. ரிக்டருக்கு நான்கு, தங்கம் இரண்டு. இத்தோடு முடிக்கிறவர்கள் முடிக்கட்டும். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை குறைவு. அதன் காரணம் கடைசியில்.

1972 மியூனிக்கில் இருவரையும் ஒப்பிடுவதே வீண். ஸ்டெஹர் 100 மீட்டரை 11.07-ல் முடித்தார், இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியாவின் ரேலின் பாயில் 11.23. 200 மீட்டரிலும் 22.40-ல் தங்கம். அதே 100 மீட்டர் இறுதியில் ரிக்டர் 11.38-ல் ஐந்தாவது. ஸ்டெஹர் கோட்டைத் தொட்டபோது அவர் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

நான்கே வருஷத்தில் கதை தலைகீழ். 1976 மான்ட்ரியல் அரையிறுதியில் ரிக்டர் 11.01 ஓடி உலக சாதனை படைத்தார். இறுதியில் ரிக்டர் 11.08, ஸ்டெஹர் 11.13. 200 மீட்டரில் தங்கம் கிழக்கின் பெர்பல் எக்கர்ட்டுக்கு. அங்கேயும் ரிக்டர் இரண்டாவது, ஸ்டெஹர் மூன்றாவது. தனி ஓட்டம் இரண்டிலும் ரிக்டர்தான் முன்னால்.

ஸ்டெஹர் ரசிகர்கள் இங்கே 1973-ஐக் கொண்டுவருவார்கள். அந்த ஜூனில் ஆஸ்ட்ராவாவில் 10.9, ஜூலையில் டிரெஸ்டனில் 10.8, 11 நொடிக்குள் ஓடிய முதல் பெண் அவர். ஆனால் அது ஸ்டாப்வாட்ச் காலம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு விரல் பட்டனை அழுத்துவதற்குள் கால் நொடி கரைந்துவிடும். அதைச் சேர்த்தால் 10.8 என்பது ஏறக்குறைய 11.04. மின்னணு நேரத்தில் 11-ஐ உடைத்தது 1977-ல் மார்லிஸ் ஓல்ஸ்னர், 10.88. ஆக வேகத்தில் இருவருக்கும் இடையே ஒரு மயிரிழை. அந்த இழையும் ரிக்டர் பக்கம்.

கிழக்கு ஜெர்மனியில் அரசே ஊக்கமருந்துத் திட்டம் நடத்தியதற்கான ஆவணங்கள் பின்னாளில் வெளிவந்தன. அந்த நிழல் அக்காலத்து எல்லா நேரங்கள் மீதும் விழுகிறது. யாருக்கு எவ்வளவு என்று கடிகாரத்தைப் பார்த்து ஊகிக்க நான் தயாரில்லை.

தொடர் ஓட்டத்துக்கு வருவோம். மியூனிக்கில் மேற்கின் மூன்றாவது வீராங்கனை ரிக்டர். வளைவில் ஓடி வந்து அவர் பேட்டனைக் கொடுத்தது ஹைடே ரோசன்டாலிடம். ரோசன்டால் நீளம் தாண்டலில் தங்கம் வென்றவர். ஓட்டம் அவருடைய முதல் தொழில் அல்ல. கிழக்கின் கடைசி வீராங்கனையோ ஸ்டெஹர், அன்றைக்கு உலகிலேயே வேகமான பெண். சொந்த ஊர்க் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே ரோசன்டால் சிறு முன்னிலையோடு கிளம்பினார். ஸ்டெஹரால் பிடிக்க முடியவில்லை. 42.81-க்கு 42.95. வளைவில் ஓட ஆள் வேண்டுமென்றால் நான் யோசிக்காமல் ரிக்டரைக் கூப்பிடுவேன்.

தனியாக நூறு மீட்டர் ஓட ஒருவர்தான் என்றால், மியூனிக் ஸ்டெஹர். நான்கு வருஷத்தில் ஒரே ஒரு முறை உச்சம் தொட்டவரைவிட, 1971 ஐரோப்பியப் போட்டியிலேயே 100, 200 இரண்டையும் வென்று, 1976 வரை மேடையை விட்டு இறங்காதவர் ஒரு படி மேல்தான்.

ஆனால் அந்த மூன்றாவது தங்கத்தைக் காட்டி வாதாடாதீர்கள். அது மான்ட்ரியல் தொடர் ஓட்டத்தில் வந்தது. கிழக்கு 42.55, மேற்கு 42.59. அந்த நான்கு நூற்றில் பங்கு நொடி மட்டும் மாறி விழுந்திருந்தால், ரிக்டருக்குத் தங்கம் மூன்று, ஸ்டெஹருக்கு இரண்டு.