16-ஆ, 20-ஆ: நெடும்பயணத்துக்கு எந்த மடக்கு சைக்கிள்?

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி வந்து நிற்கும்போது, எங்கள் இருவரில் யார் புத்திசாலி என்று பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். புதுச்சேரி நண்பர் தன் 16 இஞ்ச் சக்கரச் சைக்கிளை மடக்கிப் பெட்டிபோல் தூக்கிக்கொண்டு ஏறி, சீட்டுக்கு நடுவில் செருகிவிட்டு, சுண்டலுக்குக் கை நீட்டிக்கொண்டிருப்பார். நான் இன்னும் பிளாட்பாரத்தில் நின்று, என் 20 இஞ்ச் வண்டியின் ஹேண்டில் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சிதம்பரத்தில் இறங்கி ஓட்ட ஆரம்பித்தால் கதை கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

மடிப்பில் 16 இஞ்ச் வண்டியை அடிக்க ஆளில்லை. அந்த ஜாதிக்குத் தலைவன் லண்டனில் தயாராகும் பிராம்ப்டன். மடித்தால் 58.5 × 56.5 × 27 சென்டிமீட்டர். செயின் உள்பக்கமாக ஒளிந்துகொள்வதால் வேட்டியிலோ பேண்ட்டிலோ கறுப்பு மை படாது. டாஹோன், டெர்ன் போன்ற 20 இஞ்ச் வண்டிகள் மடித்த பிறகும் ஏறக்குறைய 80 × 70 × 40 இருக்கும். எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டுமே 11 முதல் 13 கிலோவுக்குள். ஆனால் கூட்ட நேரத்தில் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், அந்த அரை அடி வித்தியாசம் கண்டக்டரின் முகத்திலேயே தெரியும். விலையைப் பார்த்தால் பிராம்ப்டன் நம் ஊரில் லட்சத்தைத் தாண்டிவிடும். 20 இஞ்ச்சில் அதன் பாதிக்கும் குறைவான விலையிலிருந்தே ஓட்டத் தகுந்தவை கிடைக்கின்றன.

இனி ரோடு. நெடும்பயணத்துக்கு வாங்குகிறவர்கள் எல்லோரும் மடிப்பு வீடியோவைத்தான் நூறு தடவை பார்க்கிறார்கள். டயரின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 16 என்று அச்சடித்த டயர்களிலேயே வெவ்வேறு அளவுகள் உண்டு. பிராம்ப்டன் ரிம்முக்கு டயரின் உள்விட்டம் 349 மில்லிமீட்டர். நம் ஊர்க் குழந்தைகள் சைக்கிளில் வரும் 16 இஞ்ச் டயர் 305. ஒன்று மற்றொன்றில் ஏறவே ஏறாது. 20 இஞ்ச்சிலும் 406, 451 என்று இரண்டு இருக்கின்றன. பள்ளிக்கூடப் பையன்கள் ஓட்டும் குண்டு டயர் சைக்கிளின் அளவு 406. ஆகவே 406 வாங்கினால் பண்ருட்டியிலோ புவனகிரியிலோ சைக்கிள் கடையில் டயரும் டியூபும் தொங்கிக்கொண்டிருக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பிச்சாவரம் போகும் வழியில், கிள்ளைக்கு முன்னால், உடைந்த பாட்டில் ஒன்று நண்பரின் பின்டயரைப் பக்கவாட்டில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. பஞ்சர் மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை; ஒட்டுப்போட எந்த டியூபும் ஒன்றுதான். டயர் கிழிந்தால் என்ன செய்வது? தள்ளிக்கொண்டே போய் ஒரு கடையைப் பிடித்தோம். கடைக்காரர் டயரைக் கழற்றி, விரலால் தடவி, தன்னிடமிருந்த குழந்தை டயரை அதன்மேல் வைத்துக் காட்டினார். உள்வட்டம் ஒரு விரல்கடை வித்தியாசத்தில் நின்றது.

“இது எந்த ஊர் சைஸு தம்பி?”

“லண்டன் சைஸுண்ணே.”

“அப்ப லண்டன்லதான் டயர் கிடைக்கும்.”

சொன்னாரே தவிர, கைவிடவில்லை. பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, கிழிசலுக்கு உள்ளே இரட்டையாக மடித்து வைத்து, காற்றைக் குறைவாக அடித்து அனுப்பினார். நண்பர் அன்று முழுக்க இருபத்தைந்து கிலோமீட்டர், முட்டையைச் சுமக்கிற மாதிரி ஓட்டினார்.

வால்வு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மெல்லிய கழுத்துடைய பிரெஸ்டா வால்வுக்கு நம் கடைப் பம்ப் பொருந்தாது. பைக்குக்கு இருப்பதுபோன்ற ஷ்ரேடர் வால்வு டியூபைப் போட்டுக்கொண்டால் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காற்று அடிக்கலாம். பிரெஸ்டாதான் இருக்கிறதென்றால் விரல்நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறார்கள், பையில் எப்போதும் கிடக்கட்டும்.

சின்னச் சக்கரம் அதிகமாகச் சுற்றும். 100 கிலோமீட்டர் போக, 16 இஞ்ச் ஏறக்குறைய 76,000 சுற்று. 20 இஞ்ச் 64,000. முழு அளவு 700சி சக்கரம் 46,000. டயர் அந்த விகிதத்தில் தேயும். சீமைக் கருவேல முள் எந்தச் சக்கரத்தையும் விடாது. மரக்காணம் உப்பளப் பக்கம் ஓரமாக வண்டியை இறக்கியவர்களுக்கு அந்த முள்ளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குழியில் விழுந்தால் 16 இஞ்ச் சக்கரம் உள்ளே இறங்கும். 20 இஞ்ச்சில் 47 அல்லது 50 மில்லிமீட்டர் அகல டயர் போட்டால் முதுகு பிழைக்கும். சின்னச் சக்கரத்துக்கு ஒரே ஒரு பெருமை: போக்ஸ் கம்பிகள் குட்டையாக இருப்பதால் சுமையைத் தாங்கும், லேசில் கோணாது.

கியரில் வண்டியோடு வருவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். என் வண்டியில் முன்னால் 52 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 பல். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 2.5 மீட்டர் நகரும். கடலூர்-புதுச்சேரி சமதளத்துக்கு அது போதும். பன்னிரண்டு கிலோ மூட்டையோடு ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் ஏறப்போனால் முழங்கால் சாபம் கொடுக்கும். முன்பல்லை 42 ஆக மாற்றினேன்: சுற்றுக்கு 2 மீட்டர். வேகமான கியரில் நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால் இன்னும் 28 கிலோமீட்டர் வேகம் வருகிறது. அதற்குமேல் இறக்கத்தில் மிதிப்பானேன், காற்றே தள்ளும். பிராம்ப்டன் ஆறு கியரின் வீச்சு, அதாவது மிக லேசான கியரோடு ஒப்பிட்டால் மிகக் கனமானது, 302 சதவீதம். பின்சக்கரத்தில் 11-32 பல் கேசட் (பல்சக்கர அடுக்கு) போட்டால் 291. கணக்கில் சமம்தான். வித்தியாசம் பழுதில்: செயினைப் பல் மாற்றிவிடும், வெளியே தொங்கும் டிரெய்லியர் 20 இஞ்ச் வண்டியில் தரைக்கு நெருக்கமாக இருப்பதால் மணல் தின்னும், ஆனால் கண்ணால் பார்த்துச் சரிசெய்துவிடலாம். பிராம்ப்டனில்போல் ஹப்புக்குள், சக்கரத்தின் நடு உருளைக்குள், இருக்கும் கியர் கெட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

மூட்டை கட்டுவதில் 16 இஞ்ச் எனக்கு ஆச்சரியம் தந்தது. முன்பை ஹேண்டிலில் தொங்காமல் ஃபிரேமில் பொருத்திய கட்டையில் மாட்டுகிறது. ஹேண்டில் திரும்பினாலும் பை திரும்பாது. 10 கிலோவுக்குள் வைத்தால் ஓட்டம் நிதானமாகவே இருக்கிறது. 20 இஞ்ச்சில் பின்கேரியரில் இருபக்கப் பை மாட்டினால் குதிகால் இடிக்கும். பையைப் பின்னுக்குத் தள்ளினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கடைசியில் தண்ணீர், டூல்ஸ், அரிசிப்பொரி எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவந்தேன், ஆட்டம் நின்றது. ஆளும் சாமானும் சேர்ந்து எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் 105 முதல் 110 கிலோதான் உச்சவரம்பு.

கீல்கள் இரண்டுக்கும் பொது வியாதி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு ராத்திரி நிறுத்தினாலே செயினில் துரு ஏறிவிடுகிற ஊர் இது. தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து, கீலின் பூட்டை அழுத்திப் பார்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். கிளம்பும்போது கேட்காத கிறீச் சத்தம் மத்தியானம் கேட்டால் உடனே இறங்கிவிட வேண்டும்.

மடக்காத சாதா சைக்கிளே போதாதா என்றால், வீட்டிலிருந்து வீட்டுக்கே ஓட்டித் திரும்புகிறவருக்குத் தாராளமாகப் போதும், இன்னும் சுகமாகவும் இருக்கும். டிசம்பரில் மகாபலிபுரம் நோக்கி ஈசிஆரில் வாடைக்காற்றை எதிர்த்து 95 கிலோமீட்டர் போய்விட்டு, திரும்பி வரும்போது பஸ் ஏறலாம் என்ற யோசனை உள்ளவருக்குத்தான் மடக்கு.

என் கட்சி 20 இஞ்ச், 406. பாதிப் பயணம் ரயிலிலும் பஸ்ஸிலும் என்றால் மட்டும் நண்பர் கட்சிக்குப் போங்கள். கிள்ளைக்குப் பிறகு அவர் கூடுதலாக ஒரு டயர் வாங்கினார். அவர் பையில் இடமில்லையாம். மூன்று வளையமாகச் சுருட்டிக் கட்டி, அது இப்போது என் கேரியரில்தான் வருகிறது.