தங்கச்சி பிரசவத்துக்குப் போன நாற்பது நாள்

தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். அம்மாவுக்கு முட்டி வலி, ராத்திரி கண் சரியாகத் தெரியாது, அதனால் "நீ வந்தாத்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் இடத்தில் கெஞ்சிக் கூத்தாடி நாற்பது நாள் லீவு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். என் பிள்ளைகள் இரண்டும் இங்கேதான் பிறந்தவை, மிட்வைஃப் (பிரசவம் பார்க்கிற நர்ஸ்) சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சி, இடுப்பில் அழுத்துகிற முறை எல்லாம் கைவசம் இருக்கிறது, போய்த் தங்கச்சிக்குக் கற்றுக் கொடுக்கலாம் என்று பெரிய நினைப்பு எனக்கு.

அம்மா வீடு வடசென்னையில், கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் எழுதப் போவதில்லை. குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கே ராப்பகலாக உழைக்கிற நல்லவர்களும் இருக்கிறார்கள், வீண் வம்பு வேண்டாம்.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் இறங்கிய வாரம் 36 வாரம் முடிந்திருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா "தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்கு, ரிஸ்க் எடுக்க வேணாம், நல்ல நாள் பாத்துட்டு வாங்க" என்றார். நல்ல நாள் என்றால் ஆபரேஷனுக்கு. நாள் நட்சத்திரம் பார்க்கிற எங்கள் அம்மாவுக்கே அது உறுத்தியது, "வலியே வராம நாள் பாக்கச் சொல்றாளே" என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன் என்று வந்ததைப் படித்திருந்தேன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், அதுவும் குறைச்சல் இல்லை, ஆனால் சிக்கலான கேஸ்களை எல்லாம் கடைசியில் அங்கேதானே தள்ளிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். பனிக்குடத்துத் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, வலி வரட்டும், அசைவை மட்டும் எண்ணிக்கொண்டிரு என்று அனுப்பிவிட்டார்கள். பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நல்லவேளையாக மூன்றாவது மாசமே மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வைத்திருந்தாள். அது அவள் சாமர்த்தியம் இல்லை, தெருத் தெருவாக வருகிற நர்சம்மாவின் பிடிவாதம். கர்ப்பத்தைப் பதிந்ததற்குப் பிக்மி (PICME) நம்பர் என்று 12 இலக்கத்தில் ஒன்று கொடுக்கிறார்கள், தனியாரில் பிரசவம் பார்த்தாலும் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஏழாம் மாசம், எட்டாம் மாசம் வந்து ஊரில் பிள்ளை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள் வந்து இறங்கியதும் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அந்த நர்சம்மா என் தங்கச்சிக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கவே போன் போடுவார். பொய் சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கர்ப்பிணிகளுக்கு அரசு உதவி தருகிற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாக, மீதி சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய் எல்லாம் அடங்கிய பெட்டகம் இரண்டு. பெட்டகம் ஒழுங்காக வந்தது. பணம் வரவில்லை, காரணம் எங்கள் தப்பு: பேங்க் கணக்கில் அப்பா பெயர் இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் பெயர்.

வளைகாப்பு நான் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. வீடியோவில் பார்த்ததோடு சரி, ஐந்து வகை கலவை சாதத்தில் ஒரு வாய் கூடக் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் இன்னும் இருக்கிறது.

பை கட்டுவதில் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. நான் எழுதி வைத்த பட்டியலில் லிப் பாம், சின்ன ஃபேன், பாட்டுக் கேட்க இயர்போன். அம்மா கட்டிய பையில் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காய வைத்த துணிகள், முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நாலு, பாய், பக்கெட், மக், பிளாஸ்க், ஆதார் ஜெராக்ஸ் ஒரு கத்தை. சொல்லவே வேண்டாம், பட்டியலில் இருந்த ஒன்றையும் நாங்கள் வெளியே எடுக்கவில்லை. பக்கெட் இல்லாமல் வந்த பெண்கள்தான் பாவம், அது ஒரு நாளைக்கு நாலு கை மாறியது.

இதை எல்லாம் விடப் பெரிய திட்டம் கேட்டுக்கு. கொருக்குப்பேட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியும், கேட் போட்டால் போட்டதுதான், எக்ஸ்பிரஸ், லோக்கல், அப்புறம் முடிவே இல்லாத கூட்ஸ். 108-க்குச் சொன்னாலும் அந்த வண்டியும் கேட்டில்தான் நிற்கும். அதனால் மாப்பிள்ளை எதிர் வீட்டு ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார், அவரும் ஒரு மாசமாக வண்டியை வாசலிலேயே நிறுத்தி, ராத்திரியில் தண்ணி போடாமல் இருந்தார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வலி முதலில் ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் வந்தது. நான் போனில் இருந்த ஆப்பைத் திறந்து எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று குறித்துக்கொண்டே இருந்தேன். அம்மா சீரகத்தைக் கொதிக்க வைத்து ஒரு டம்ளர் கொடுத்தார். "சூட்டு வலின்னா இதுல அடங்கும், புள்ள வலின்னா ஏறும்." அடங்கிவிட்டது. மறுநாள் ராத்திரி மறுபடி, இந்த முறை சீரகத் தண்ணிக்கு அடங்கவில்லை. ஒன்றரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. நாலு பேரும் ஆட்டோவில் ஏறி, தெரு திரும்பி, நினைத்த மாதிரியே கேட் போட்டிருந்தது.

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். பெட்ரோல் புகை அவளுக்குக் குமட்டும் என்று அவருக்கு யார் சொன்னது தெரியவில்லை. தங்கச்சி முன்னால் குனிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள், நான் அவள் இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு பெட்டியும் தடக் தடக் என்று கடக்கும்போது "இன்னும் எத்தினிக்கா" என்று கேட்கிறாள், வலியைக் கேட்கிறாளா பெட்டியைக் கேட்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை, "கொஞ்சந்தான்டி" என்றேன். எனக்குப் பன்னிரண்டு வாரப் பிரசவ வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில் அந்த இரவு உதவியது அந்த ஒரு உள்ளங்கை மட்டும்தான்.

லேபர் வார்டுக்குள் ஒரே ஒரு ஆள் கூட இருக்கலாம். பெண்ணாக இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவளாக இருந்தால் நல்லது, நடுவில் ஆள் மாற்றக் கூடாது. இந்தப் பழக்கம் முன்பு கிடையாது. என்னையும் தங்கச்சியையும் அம்மா பெற்றது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில், எங்கள் ஏரியாவில் பாதிப் பேர் பிறந்த இடம் அதுதான். அப்போதெல்லாம் உள்ளே போனால் தனியாகத்தான், எங்கள் ஆயா வெளியே மரத்தடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததாம். என் இரண்டு பிரசவத்திலும் என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே இருந்தார். அந்த வார்டில் அது முடியாது, ஒரே ஹாலில் வரிசையாகக் கட்டில், நடுவில் திரை மட்டும், மற்றப் பெண்களின் கூச்சத்தையும் பார்க்க வேண்டும் இல்லையா. நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும் வரை.

அங்கே இருபது இருபத்தொரு வயசுப் பெண் ஒருத்தி, ஒடிசாக்காரி, புருஷனுக்கு மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. அம்மா, மாமியார் யாரும் சென்னையில் இல்லை. பெண் துணை இல்லாததால் அவளுக்குத் துணையே இல்லை, புருஷன் வெளியே படிக்கட்டில். தமிழ் தெரியாது, நர்சுகளுக்கு இந்தி தெரியாது. எனக்குத் தெரிந்த இந்தி இங்கிலாந்தில் என்னோடு வேலை பார்க்கும் பஞ்சாபி அக்காவிடம் பிடித்தது, அதில் பாதி கெட்ட வார்த்தை. இருந்தாலும் அவள் "பானி" என்று கேட்டது புரிந்தது. நைட் டியூட்டி நர்சைப் பார்த்தேன். "குடுங்க, ரெண்டு மொடக்கு குடிச்சா ஒன்னும் ஆவாது" என்றார். அதற்கப்புறம் ஒரு கை தங்கச்சியின் இடுப்பில், ஒரு கை அந்தப் பெண்ணின் பிடியில். அவள் நகம் பதிந்த தழும்பு லண்டன் வந்த பிறகும் ஒரு வாரம் இருந்தது.

அந்த நைட் டியூட்டி நர்சைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். பத்துப் பதினைந்து பேருக்கு ஓடுகிறார், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குழந்தையின் துடிப்பைக் கேட்டுவிட்டு "நல்லாருக்கு கண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். எழுந்து நட, உட்கார், பக்கவாட்டில் படு, உனக்கு எது தோதோ அப்படி இரு என்று விட்டார். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் பிரசவத்துக்கென்று கொடுத்த வழிகாட்டலிலும் இதுதான் இருக்கிறது, எனிமாவும் சவரமும் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்பதும் அதில் உண்டு. காலையில் டியூட்டி மாறியது. வந்தவர் எல்லோரையும் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். வலியில் கத்திய ஒருத்தியிடம் அவர் கேட்ட கேள்வியை எழுதக் கை கூசுகிறது, தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு அது என்ன கேள்வி என்று சொல்லாமலே தெரியும். ஒரே வார்டு, ஒரே கட்டில், ஒரே மருந்து.

ஒடிசாப் பெண்ணுக்குத்தான் முதலில் நேரம் வந்தது. "முக்கும்மா, முக்கு" என்கிறார்கள், அவள் திருதிருவென்று விழிக்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்து "இந்தியில சொல்லுங்க" என்றார். பிரசவத்தில் முக்கு என்பதற்கு இந்தியில் என்ன என்று யாருக்குத் தெரியும், நான் பாட்டுக்கு "ஜோர் லகாவ், ஜோர் லகாவ்" என்று கபடி மேட்ச் மாதிரி கத்தினேன். திரைக்கு இந்தப் பக்கம் வலிக்கு நடுவிலே தங்கச்சி சிரித்துவிட்டாள். ஆண் குழந்தை. ஐம்பது நிமிஷம் கழித்து எங்கள் வீட்டுப் பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம், தையல் மூன்று. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் கொஞ்ச நேரம் விட்டு வெட்டினார்கள், துடைத்து நேரே அவள் மார்பில் போட்டார்கள், சீம்பாலுக்கு அங்கேயே உதவினார்கள். இந்த விஷயத்தில் நான் பார்த்த இங்கிலாந்து ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

கோபம் வந்த இடம் இரண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரு சின்ன டாக்டர் பேப்பரோடு வந்து "காப்பர் டி போட்டுடலாமா, கையெழுத்துப் போடுங்க" என்றார். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கருத்தடைச் சாதனத்தை அப்படியே உள்ளே வைத்துவிடுகிற முறை, நல்ல முறைதான், வேண்டுகிறவர்களுக்கு. ஆனால் அந்த நேரத்தில் கிட்னியைக் கேட்டாலும் அவள் சரி என்றுதான் சொல்வாள். அப்புறம் யோசித்துச் சொல்கிறோம் என்றேன், முகம் சுளித்தாலும் போய்விட்டார். பக்கத்துக் கட்டில்காரியிடம் யார் கேட்டார்கள், எந்த மொழியில் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

இரண்டாவது, காசு. குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து காட்டும்போது நீட்டுகிற கை. பையன் என்றால் 1,000, பொண்ணு என்றால் 500. மாப்பிள்ளை சந்தோஷத்தில் 1,000 கொடுத்துவிட்டார், அம்மா "பொண்ணுக்கு ஏன் ஆயிரம் குடுத்தீங்க" என்று கேட்டார், அம்மாவோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஒடிசாப் பையனிடம் 1,000 இல்லை. இருந்த 300-ஐ எண்ணி எண்ணிக் கொடுத்தான்.

மூன்று நாள் வார்டில் இருந்தோம், பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி எல்லாம் போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து மாப்பிள்ளை விடியற்காலையில் காசிமேடு போய்ப் பால் சுறா வாங்கி வருவார். வேக வைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு. வீட்டுக்குள் நுழைந்தாலே அந்த வாசம்தான். தங்கச்சி ஐந்தாம் நாளே மூக்கைப் பொத்தினாள், நான் உட்கார்ந்து வெட்டினேன். என் முதல் பிரசவத்தில் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மிட்வைஃப் வீடு தேடி வந்து தையலைப் பார்த்தார், குழந்தையை எடை போட்டார், எல்லாம் ஒழுங்கு, ஆனால் அவர் போனதும் பிரெட்டில் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டு நானும் குழந்தையும் மாற்றி மாற்றி அழுதோம். இவளுக்கு நாற்பது நாளும் தலைக்குத் தண்ணி ஊற்ற ஒரு கை, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஒரு கை. பொறாமையாகத்தான் இருந்தது. வார்டில் இருந்த மூன்று நாளும் அம்மா பூண்டுக் குழம்பு சோற்றை இரண்டு டப்பாவில் கட்டி அனுப்பினார், ஒன்று பக்கத்துக் கட்டிலுக்கு. அந்தப் பெண் காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய வழிய மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

பிறப்புச் சான்றிதழ் மாநகராட்சி இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், நான் கிளம்புவதற்குள் வந்துவிட்டது. குழந்தையின் பெயர் இல்லாமல் வந்திருக்கிறது, ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாமாம். அம்மா சொல்கிற பெயர் மாமியாருக்குப் பிடிக்கவில்லை, மாமியார் சொல்வது தங்கச்சிக்குப் பிடிக்கவில்லை. நேற்று வரைக்கும் பாப்பாதான்.