பெங்களூர் ராஜகாலுவே: நடுவிலிருந்து அளப்பதா, ஓரத்திலிருந்தா?

பெங்களூரின் 2015 மாஸ்டர் பிளான்படி ராஜகாலுவே எனப்படும் மழைநீர்க் கால்வாய்களில் பெரியதற்கு 50 மீட்டர், அடுத்ததற்கு 25, சின்னதற்கு 15 எனக் கட்டடம் கட்டாமல் இடம் விட வேண்டும், எல்லாமே கால்வாயின் நடுவிலிருந்து. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் அதை 50, 35, 25 ஆக்கி, ஓரத்திலிருந்து அளக்கச் சொன்னது.

எனக்கு எண்ணைவிட இந்த ஓரம்தான் பெரிது. நடுவிலிருந்து அளந்தால், 20 மீட்டர் அகலக் கால்வாயில் 10 மீட்டர் தண்ணீருக்குள்ளேயே போய்விடும், மிச்சத்தில்தான் கரையும், கரைமண்ணை வேரால் இறுக்கிப் பிடித்து நிற்கிற புங்கமரமும் பிழைக்க வேண்டும்.

சரி, ஏற்கெனவே மனை வாங்கியவர்களின் கவலையும் நியாயம்தான். மாஸ்டர் பிளானைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அப்படியானால் ஓரக் கணக்கைப் பிளானிலேயே எழுதிவிடுங்கள்.