லோயர் ஆர்ம் புஷ்: ரப்பரா, பாலியூரித்தேனா, முழு ஆர்மா?

பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, காலை எடுத்ததும் நேராகிவிடுகிறது. ரிவர்ஸில் வந்து நிறுத்தும்போது ‘டொக்’ என்று ஒற்றைச் சத்தம். அலைன்மென்ட் செய்து ஒரு மாதம் ஆகவில்லை, முன் டயரின் உள் ஓரம் ரம்பப் பல் மாதிரி தேய்ந்திருக்கிறது. இவை சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது லோயர் ஆர்ம் புஷ், அதாவது முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கையின் (ஆர்ம்) ரப்பர் மூட்டு. சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மட்டும் கடகட என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளும் சத்தம் கேட்டால் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங். இதைப் பிரித்துப் பார்க்காமல் புஷ்ஷை மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும்.

உறுதி செய்வது எளிது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆர்முக்கும் அது பொருந்தியிருக்கும் அடிச்சட்டத்துக்கும் (சப்ஃபிரேம்) நடுவே நீளமான நெம்புகோலைக் கொடுத்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். புஷ் கொஞ்சம் நெகிழ்வது இயல்பு. அதற்காகத்தான் அது ரப்பர். பார்க்க வேண்டியது வேறு: ரப்பர் நடு இரும்புக் குழாயிலிருந்தோ வெளி வளையத்திலிருந்தோ பிரிந்திருக்கிறதா, நெம்பும்போது வெடிப்பு வாய் திறக்கிறதா, இடது பக்கத்தைவிட வலது பக்கம் தெளிவாக அதிகம் நகர்கிறதா. மேல் தோலில் மட்டும் மயிரிழை விரிசல் இருந்தால் அது வயதின் அடையாளம், உடனே மாற்ற அவசியமில்லை.

போல்ட் எந்தத் திசையில் நிற்கிறது?

கடைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான். பெரும்பாலோர் இதைப் பார்ப்பதே இல்லை.

ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றான தூண்) வைத்த முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக்குகளில் ஆர்ம் பொதுவாக L வடிவில் இருக்கும். சக்கரத்தோடு சேரும் வெளி முனையில் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டு, உள்பக்கம் முன்னால் ஒரு சின்ன புஷ், பின்னால் ஒரு பெரிய புஷ். முன் புஷ்ஷின் போல்ட் வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கதவுக் கீல் போல ஆர்ம் அதைச் சுற்றி ஆடுகிறது. வளைவில் வரும் பக்கவாட்டு விசையில் பெரும்பங்கு இதன் மேல்தான்.

பின் புஷ்ஷின் வேலை வேறு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் ஓடப் பார்ப்பதையும், குழியில் இடிக்கும்போது வரும் அதிர்வையும் வாங்கிக்கொள்வது இதுதான். அதனால்தான் ரப்பருக்குள் சிறுநீரக வடிவில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். வெற்றிடம் இருக்கும் திசையில் மென்மை, அதற்குக் குறுக்கே விறைப்பு. முதலில் பிய்வதும் இந்தப் புஷ்தான்.

பல கார்களில் பின் புஷ்ஷின் போல்ட் செங்குத்தாக நிற்கிறது. நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஓர் உதாரணம். இந்த அமைப்பில் ஆர்ம் ஏறி இறங்கும்போது பின் புஷ் சுழல்வதில்லை, சாய்கிறது. ரப்பர் சாய்ந்து கொடுக்கும். மற்ற பொருட்கள் அவ்வளவு எளிதில் கொடுப்பதில்லை. பிஎம்டபிள்யூ ஈ46-இல் பின் புஷ் படுக்கைவாட்டில், ஒரு தாங்கிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கே நடப்பது பெரும்பாலும் சுழற்சி. கீழே வரும் தீர்ப்புகள் எல்லாமே இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

புஷ் மட்டுமா, முழு ஆர்மா?

தினமும் ஓட்டும் வண்டிக்கு, அசல் தரத்து முழு ஆர்ம் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வோம். புதிய பால் ஜாயின்ட், தொழிற்சாலையிலேயே சரியான கோணத்தில் அழுத்திய இரண்டு புஷ், வளையாத உடல் எல்லாம் ஒன்றாக வருகின்றன. புஷ் மட்டும் வாங்கினால் பொருளின் விலை குறைவுதான். ஆனால் ஆர்மைக் கழற்றும் கூலி, லேத் பட்டறையில் பிரஸ் கூலி, அலைன்மென்ட் என்று போடும்போது வித்தியாசம் சுருங்கிவிடும். பால் ஜாயின்ட் ஆர்முடனேயே பொருத்தப்பட்டுத் தனியாகக் கிடைக்காத வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆறு மாதம் கழித்து அது ஆடத் தொடங்கினால் முழு வேலையும் மறுபடி.

புஷ் மட்டும் மாற்றுவது பொருத்தமான இடங்களும் உண்டு. ஆர்ம் வார்ப்பு அலுமினியமாக இருந்து விலை எட்டாமல் இருக்கலாம். பால் ஜாயின்ட் தனி போல்ட்டில் இருந்து நல்ல நிலையில் இருக்கலாம். அல்லது புஷ்ஷின் வகையையே மாற்ற நினைக்கலாம். தகட்டில் அடித்துச் செய்த ஆர்மைப் பிரஸ்ஸில் வைக்கும்போது புஷ் உட்காரும் வளையத்துக்கு நேர் கீழே, சரியான விட்டமுள்ள குழாயை முட்டுக் கொடுக்க வேண்டும். ஆர்மின் உடலில் முட்டுக் கொடுத்து அழுத்தினால் தகடு வளையும். அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது, அலைன்மென்ட் மிஷினில்தான் தெரியும்.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சில. நல்ல புஷ்ஷில் ரப்பர் இரும்போடு வல்கனைஸ் ஆகி ஒட்டியிருக்கும். விளிம்பை நகத்தால் கிளறினாலும் பிரியாது. பெயரில்லாத உள்ளூர் புஷ்ஷில் சில சமயம் ரப்பர் வெறுமனே திணிக்கப்பட்டிருக்கும், அது சில மாதங்களில் சுற்றத் தொடங்கும். பாகம் எண், தயாரிப்புத் தேதி, வெற்றிடத்தின் திசையைக் காட்டும் குறி இல்லாததை எடுக்காதீர்கள். சென்னையில் புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய ஆர்ம் மலிவுதான். ஆனால் அதன் ரப்பருக்கும் உங்கள் வண்டியின் வயதே ஆகியிருக்கும், விபத்தில் வளைந்ததா என்பதும் தெரியாது. எஞ்சின் கவரோ கதவோ அங்கே வாங்கலாம், ஆர்ம் வேண்டாம்.

கெட்டி ரப்பர்: பலரும் மறந்துவிடும் நடுவழி

அசல் புஷ் மென்மையாக இருக்கிறது, பாலியூரித்தேன் என்ற கடினமான செயற்கைப் பொருள் வரை போகவும் மனமில்லை என்றால் ரப்பரிலேயே விறைப்பானதைத் தேடலாம். நான்காம் தலைமுறை கோல்ஃபுக்கு ஆடி டிடி-யின் பின் புஷ்ஷைப் போடுவது இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அதே இடத்தில் உட்காரும், ஆனால் கூடுதல் விறைப்பு. பிரேக்கில் வண்டியின் மூக்கு அலையாது, ஸ்டியரிங் மறுமொழி கூர்மையாகும், கிரீஸ் வேலையும் கிடையாது. செங்குத்துப் போல்ட் வண்டிகளுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். சாய்வை ரப்பரே சமாளித்துக்கொள்ளும்.

சில ஜெர்மன் கார்களில், பிஎம்டபிள்யூ ஈ39, ஈ60 போன்றவற்றில், முன் புஷ்ஷுக்குள் திரவம் அடைத்திருக்கும். கிழிந்தால் கறுப்பாக எண்ணெய் கசிந்த தடம் தெரியும், நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். இதற்கு மாற்றாக மெய்ல் நிறுவனத்தின் ஹெச்டி வரிசை போன்ற திரவமில்லாத முழு ரப்பர் புஷ்கள் வருகின்றன. நீடிப்பு அதிகம், கசிய ஒன்றுமில்லை. ஆனால் திரவம் விழுங்கிக்கொண்டிருந்த நடுக்கத்தை முழு ரப்பர் அதே அளவு விழுங்காது. டயர் பேலன்ஸ் கொஞ்சம் தவறினாலும், பிரேக் டிஸ்க்கில் லேசான கோணல் இருந்தாலும் கையில் தெரியும். இவற்றை முதலில் சரிசெய்துவிட்டு முழு ரப்பரைப் போடுங்கள்.

பாலியூரித்தேன்

ஊதா, கறுப்பு, மஞ்சள் நிறங்களில் வரும் இவற்றைப் பற்றி மிகைப் பேச்சும் அதிகம், தேவையில்லாத பயமும் அதிகம். கடினத்தை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள். பவர்ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் சாலைக்கான ஊதா 80, பந்தயத்துக்கான கறுப்பு 95. கார் புஷ்ஷின் ரப்பர் இவற்றைவிட மென்மையானது. எண்ணைவிட முக்கியம் இயங்கும் முறை. ரப்பர் புஷ் இரும்போடு ஒட்டியிருப்பதால் முறுக்கேறி நெகிழ்கிறது. பாலியூரித்தேன் ஒட்டுவதில்லை, நடுக் குழாய் அதற்குள் வழுக்கிச் சுழல்கிறது. அதாவது அது நெகிழும் மூட்டு அல்ல, உராயும் மூட்டு. கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சிடும், தேயும்.

ஆகவே சுழற்சி மட்டும் இருக்கும் இடத்தில் பாலியூரித்தேன் அருமை. L வடிவ ஆர்மின் முன் புஷ், ஈ46 போன்ற படுக்கைவாட்டுப் பின் புஷ் ஆகியவற்றில் தயங்காமல் போடலாம். போல்ட் செங்குத்தாக நிற்கும் பின் புஷ்ஷில் அது சாய மறுக்கும். சஸ்பென்ஷன் ஓரளவு இறுகும், புஷ்ஷின் துளை மணிவாய் போல விரியும், அந்த விசை தாங்கியின் வெல்டிங்குக்கும் போகும். சில தயாரிப்பாளர்கள் இந்த இடத்துக்கென்றே பள்ளம் விட்டு வடிவமைக்கிறார்கள். அப்படிப்பட்டது உங்கள் வண்டிக்குக் கிடைத்தால் மட்டும் போடுங்கள். வெற்றிடத்தில் கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் பசையை ஊற்றி அடைக்கும் குறுக்குவழியிலும் இதே சிக்கல் உண்டு, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது.

பொருத்தும்போது தவறுவது மூன்று இடத்தில். ஒன்று, பழைய புஷ்ஷின் வெளி வளையத்தை எடுக்க வேண்டுமா விட வேண்டுமா என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். தாளைப் படிக்காமல் வாள் பிளேடை எடுக்காதீர்கள். இரண்டு, துளைக்குள் துருவோ பழைய ரப்பரோ இருந்தால் புஷ் கோணலாக உட்காரும்; இரும்பு பளிச்சென்று தெரியும் வரை எமரித் தாளால் தேய்க்க வேண்டும். மூன்று, நடுக் குழாயின் இரண்டு முனையும் பாலியூரித்தேனைவிடச் சற்றே வெளியே நீண்டிருக்க வேண்டும். போல்ட் இறுக்குவது அந்தக் குழாயைத்தான். குழாய் உள்ளே அமுங்கியிருந்தால் போல்ட் பாலியூரித்தேனையே நெரித்து ஆர்மைப் பூட்டிவிடும்.

கிட்டுடன் வரும் கிரீஸையே போடுங்கள், குழாயின் உள்ளே அல்ல, வெளிப்புறத்தில். வடகிழக்குப் பருவமழையில் முட்டளவு நீரில் ஓடிய வண்டி என்றால் மழை ஓய்ந்ததும் கழற்றித் துடைத்து மறுபடி கிரீஸ் வைப்பது நல்லது. வருடம் ஒரு முறை அதைச் செய்யும் பொறுமை இல்லாதவருக்கு ரப்பரே ஏற்றது. சாலை அதிர்வு ஸ்டியரிங்கில் கூடுதலாகத் தெரியும். உடைந்த தார்ச்சாலையில் நாள் முழுக்க ஓட்டுபவரை அது களைக்க வைக்கும்.

பில்லோபால்

உலோக உருண்டை மூட்டு. நெகிழ்வு சுழியம், சாய்வுப் பிரச்சினையும் இல்லை. கோவை காரி மோட்டார் ஸ்பீடுவே போன்ற தடத்தில் ஓட்டுவதற்கு மட்டுமான வண்டிக்கு இது சரி. சாலையில் மணலும் நீரும் புகுந்து விரைவில் ஆட்டம் காணும், ஒவ்வொரு கல்லும் பாடியில் அறையும்.

பொருத்துவது: புதிய ரப்பர் சீக்கிரம் கிழிவது ஏன்

புதிய ரப்பர் புஷ் ஒரே வருடத்தில் கிழிந்தால் பெரும்பாலும் பழி பொருளின் மேல் விழுகிறது. உண்மைக் காரணம் பல நேரம் இறுக்கிய விதம். பால் ஜாயின்ட்டிலிருந்து புஷ் வரை 320 மில்லிமீட்டர் உள்ள ஆர்மை எடுத்துக்கொள்வோம். லிஃப்டில் சக்கரம் 80 மில்லிமீட்டர் கீழே தொங்குகிறது என்றால் ஆர்ம் சுமார் 14 டிகிரி கீழே சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டி தரையில் இறங்கியதுமே 14 டிகிரி முறுக்கு ஏறிவிடும். சக்கரம் 60 மில்லிமீட்டர் மேலே போகும் ஒரு மேட்டில் மேலும் 11 டிகிரி சேர்ந்து மொத்தம் 25. கீழே 14, மேலே 11 என்று இரு பக்கமும் பகிர வேண்டிய முறுக்கை ஒரே பக்கம் சுமந்தால் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே தொங்கும் நிலையில் போல்ட்டுகளைக் கையால் ஓட்டி, லேசாக மட்டும் பிடியுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, அல்லது பால் ஜாயின்ட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர மையத்துக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே வேலைக்கு முன் அளந்த உயரம் திரும்ப வரும் வரை ஏற்றி, அப்போது டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அதனால் அந்த உயரத்தை முதலிலேயே அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். போல்ட்டை இறுக்கும் விசையின் அளவு (டார்க்) வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். ‘இத்தனை நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி’ என்று கோணமும் கொடுத்திருந்தால் அந்தப் போல்ட் இறுக்கும்போது நீளும் வகை. பழையதைத் திரும்பப் போடாதீர்கள். பால் ஜாயின்ட்டின் பூட்டு நட்டும் புதிதுதான்.

ரப்பரை ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் இயற்கை ரப்பர் ஊறிப் பருத்துவிடும். ஈ46-இன் பின் புஷ்ஷில் சோப்பு உலர்வதற்குள், 30 நிமிடத்துக்குள், வண்டியைத் தன் எடையில் நிற்க வைக்க வேண்டும். தாமதித்தால் தவறான கோணத்தில் பிடித்துக்கொள்ளும். பழைய புஷ்ஷை எரித்து எடுக்கும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. புகை நச்சு, ஆர்மின் பெயின்ட் போய்த் துரு பிடிக்கும், அலுமினிய ஆர்மின் வலிமையே கெடும். அழுத்துவதற்கு முன் வெற்றிடத்தின் திசையையும் புஷ் உள்ளே போயிருந்த ஆழத்தையும் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றிடம் 90 டிகிரி திரும்பிவிட்டால் மென்மை வேண்டிய திசையில் விறைப்பும், விறைப்பு வேண்டிய திசையில் மென்மையும் வரும்.

சில வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கத்து முன் போல்ட் வெளியே வர இடமிருக்காது. எஞ்சினை மரக்கட்டை வைத்துத் தாங்கி, மவுன்ட்டைக் கழற்றிச் சற்று இறக்க வேண்டிவரும். கூலி பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் தொய்வு என்றால் பிரேக்கில் இழுப்பு திசை மாறுமே தவிரப் போகாது. முடிந்ததும் அன்றைக்கே அலைன்மென்ட். டோ (சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பாமல், கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று அச்சிட்ட தாளைக் கேளுங்கள். ஒரு பக்கம் விலகியிருந்தால் ஆர்ம் வளைந்திருக்கலாம், அல்லது சப்ஃபிரேம் நகர்ந்திருக்கலாம். இஎஸ்சி (வண்டி வழுக்குவதைத் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் ஸ்டியரிங் கோண சென்சாரையும் மறு அமைப்புச் செய்ய வேண்டியிருக்கலாம். 500 கிலோமீட்டர் ஓடியபின் மார்க்கரால் கோடிட்ட போல்ட் தலைகள் நகர்ந்திருக்கின்றனவா என்று ஒரு முறை குனிந்து பாருங்கள்.