பழைய ரேஸ் சைக்கிளுக்கு 28 டயர்: வேலூர்க் கடை ஒன்றில் செய்துகொண்ட வேலை

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குத் தினமும் நான் வேலைக்கு ஓட்டிச் செல்லும் சைக்கிள், 1990-களில் செய்யப்பட்ட எஃகு ஃபிரேம் கொண்ட ரேஸ் வகையைச் சேர்ந்தது. அக்கால வழக்கப்படி அதில் 700x23 டயர்களே (700 என்பது சக்கரத்தின் அளவு, 23 என்பது மி.மீ.-இல் டயரின் அகலம்) இருந்தன. 105 பிஎஸ்ஐ காற்றோடு ஓடும் அந்த மெல்லிய டயர்கள், பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகளையும், குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடப்பட்ட தெருக்களையும் ஒன்றுவிடாமல் என் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தன. ஃபிரேம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அதை விற்க மனம் வரவில்லை. ஆகவே டயரை மட்டும் அகலமாக்கிக்கொள்ள முடிவு செய்தேன்.

முதலில் சென்ற கடையில் எதையும் அளக்காமல், "எல்லாம் 700 தானே சார்" என்று சொல்லி 32 டயர்களை மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். கடை வாசலில் சக்கரம் நன்றாகவே சுழன்றது. ஆனால் அமிர்திக்குப் போகும் வழியில், வெயிலில் இளகிய தாரில் பொடிக்கல் ஒட்டிக்கொண்டபோதெல்லாம், பின்சக்கரம் பிரேக்கின் அடியில் கரகரவென்று உரசியது. கணியம்பாடியைத் தாண்டுவதற்குள் புதிய டயரின் நடுவே சுற்றிலும் ஒரு கோடு விழுந்திருந்தது. பணம் போனதைவிட, சரிவில் வேகமாக இறங்கும்போது சக்கரம் இறுகி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணமே என்னை அதிகம் வருத்தியது.

இரண்டாவதாக, கோட்டைக்கு அருகே ஒரு குறுகிய தெருவில் உள்ள சிறிய கடைக்குச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் டயரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் ஓரத்தைத் துடைத்து அதிலிருந்த எண்ணைப் படித்தார். பழைய ரேஸ் சைக்கிள்களில் 27 அங்குலச் சக்கரமும் உண்டு, 700சி சக்கரமும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், டயர் உட்காரும் விட்டம் முன்னதில் 630 மி.மீ., பின்னதில் 622 மி.மீ. ஒன்றின் டயர் மற்றொன்றில் சரியாக உட்காராது. என்னுடையது 622 என்று உறுதியான பிறகே அவர் வெர்னியர் என்னும் அளவுகோலைக் கையில் எடுத்தார்.

அடுத்து அவர் விளக்கிய விஷயத்துக்காகவே இந்தக் கடையை நான் பரிந்துரைக்கிறேன். டயரின் அகலம் 5 மி.மீ. கூடினால், பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் இரண்டரை மி.மீ. இடைவெளிதான் குறையும். ஆனால் டயர் அகலமாகும்போது ஏறக்குறைய அதே அளவுக்கு உயரமும் ஆவதால், மேலே பிரேக்குக்கு அடியில் கிட்டத்தட்ட முழு 5 மி.மீ.யும் போய்விடும். பலரும் பெடல் அச்சுக்குப் பின்னால் உள்ள குழாய்களின் நடுவே மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, போதிய இடம் இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். என் சைக்கிளில் 23 டயர் இருக்கும்போது அந்தக் குழாய்களுக்கு நடுவே இருபுறமும் ஆறரை மி.மீ. இருந்தது, பின்பிரேக்கின் அடியில் 8 மி.மீ.தான். 32 டயர் ஏன் உரசியது என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"32 போட்டா சுத்தும் சார், ஆனா மழையில சேறு ஒட்டுனா நின்னுடும். வேணாம்," என்று சொல்லிவிட்டு, என் ரிம்மின் உள்ளகலம் 15 மி.மீ. மட்டுமே என்பதைக் காட்டினார். இப்போது வரும் 28 டயர்கள் பெரும்பாலும் 19 மி.மீ. உள்ளகலம் உள்ள ரிம்மை மனத்தில் கொண்டு செய்யப்படுபவை. பழைய குறுகிய ரிம்மில் அவை சற்று ஒடுங்கி உட்காரும். சொன்னபடியே, மாட்டிக் காற்றடித்த பின் அளந்தபோது டயரின் அகலம் 26.8 மி.மீ.தான் இருந்தது. பழைய ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு நல்ல செய்தி என்றே சொல்வேன்.

பின்சக்கரம் பொருந்தும் பிளவு கிடைவாட்டில் நீளமாக இருந்ததால், அச்சைச் சுமார் 3 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, சங்கிலியைச் சரிசெய்து, பிரேக் கட்டைகளை மீண்டும் ரிம்முக்கு நேராக வைத்தார். சக்கரத்தில் இருந்த சிறு கோட்டத்தையும் எடுத்தார். நூலிழை இடைவெளியில் ஓடும் சக்கரத்தில் ஒரு மி.மீ. ஆட்டம்கூடப் பெரிய விஷயம். கடைசியாக 4 மி.மீ. தடிமனுள்ள ஆலன் கீயை (அறுகோணத் திருகுச்சாவி) எடுத்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றியபடி பிரேக்கின் அடியிலும் குழாய்களின் இருபுறமும் நுழைத்துப் பார்த்தார். எங்கும் தடைபடாமல் போன பிறகுதான் சைக்கிளை என்னிடம் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. கடையில் 28 டயர் இருப்பில் இல்லை. சென்னையிலிருந்து வரவழைக்க ஒன்பது நாள் ஆயிற்று. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்வது நல்லது. மேலும், காற்று நிறைந்த 28 டயர் பிரேக் கட்டைகளுக்கு நடுவே வெளியே வராது. வழியில் சீமைக் கருவேல முள் குத்திப் பஞ்சர் ஆனால் சிக்கலில்லை, காற்று தானாகவே இறங்கியிருக்கும். மற்ற நேரங்களில் காற்றை இறக்கிவிட்டுத்தான் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

இப்போது 75 பிஎஸ்ஐ அளவில் ஓட்டுகிறேன். பாலத்தின் இணைப்புகள் இன்னும் தெரிகின்றன, ஆனால் கையை உதறவேண்டிய தேவை இல்லை. வேகம் குறைந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. வேகமானியில் சக்கரத்தின் சுற்றளவை 2096-இலிருந்து 2136 மி.மீ.க்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாவிட்டால் நூறு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைத்துக் காட்டும்.

புதிய டயர் காற்றின் அழுத்தத்தில் சில நாள்களில் சிறிது விரிந்துகொடுக்கும் என்பதால், இரண்டு வாரம் கழித்து ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருந்தார். சென்றேன். அகலம் 27.3 மி.மீ. ஆகியிருந்தது, அதே ஆலன் கீயைப் பின்பிரேக்கின் அடியில் விட்டுப் பார்த்தபோது உரசாமல், ஆனால் மிச்சமும் இல்லாமல், நுழைந்து வெளியே வந்தது. அந்த வேலைக்கு அவர் கூலி வாங்கவில்லை.