480 வெள்ளி ‘வாட்டர்ப்ரூஃப்’ வேட்டை பூட்ஸ்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

480 வெள்ளி (ரிங்கிட்). சேற்றில் இறங்கியதும் அடி கழன்றுபோன ஒரு ஜோடி பூட்ஸுக்குக் கொடுத்த விலை. மலேசியாவில் பஹாங் பக்கம் உரிமம் எடுத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்திலும் காட்டோரத்திலும் பன்றிக்குப் போகிறவர்கள் இணையத்தில் பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தால், ஒரு நிமிஷம். கடைப் பெயர் வேண்டாம். பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் கூடாரம், பாராங் கத்தி, தலைவிளக்கு விற்கிற கடை.

நம்ப வைத்தது அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்விகள்தான். “செம்பனையா, காடாண்ணே? மட்டை வெட்டிப் போட்டிருப்பாங்களா? ஆறு தாண்டணுமா?” இப்படிக் கேட்கிறவருக்கு வேலை தெரியும் என்றுதானே யாருக்கும் தோன்றும்! செம்பனை மட்டையின் முள் மெல்லிய ரப்பர் அடியைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிடும். “நம்ம பூட்ஸ்ல அடியில தகடு இருக்குண்ணே” என்று வீடியோ வேறு அனுப்பினார். ஆணியால் குத்துகிறார், இறங்கவில்லை. மேலே தண்ணீர் ஊற்றுகிறார், உள்ளே ஒரு சொட்டு இல்லை. எந்த வருஷச் சரக்கு என்று கேட்டதற்கு, “புது ஸ்டாக்ணே, கவலப்படாதீங்க.” 480 வெள்ளி போயிற்று.

ஆணி இறங்காதது உண்மைதான். ஆனால் தரையைத் தொடும் கறுப்பு ரப்பருக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் பாலியூரித்தேன் நுரை ஓர் அடுக்கு இருக்கிறது. காற்றின் ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உளுத்துப்போகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். வெளியே பார்த்தால் ரப்பர் பல் ஒன்றுகூடத் தேயாமல் புத்தம் புதிதாகத் தெரியும். கணுக்கால்வரை சேற்றில் புதைந்த காலை இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நுரை ஊறின ரஸ்க் மாதிரி பிய்ந்தது. அடி சேற்றிலேயே நின்றுவிட்டது, கால் மட்டும் மேலே வந்தது.

கழன்ற அடியைக் கழுவினால், குதிகாலுக்கு முன்னால் இருக்கிற வளைவில் 1 முதல் 12 வரை எண் போட்ட சின்ன வட்டம். நடுவில் அம்புக்குறி, அதன் இரண்டு பக்கமும் 1, 6. அதாவது 2016-இல் வார்த்த அடி. நாக்கின் உள்பக்கம் தைத்திருந்த சீட்டை நூலோடு நறுக்கி எடுத்திருந்தார்கள். புது ஸ்டாக்காம்!

படம் அனுப்பினால், “கம் விட்டிருக்கும்ணே, சப்பாத்து தைக்கிறவர்கிட்ட கொடுங்க.” நுரையே பொடியாகிவிட்ட பிறகு கம் எதைப் பிடிக்கும்? மறுபடி கேட்டால், “தண்ணியில இறக்கினீங்களா? அப்ப வாரண்டி இல்ல.” ஆறு தாண்டணுமா என்று கேட்டு விற்றவர் சொல்கிற பதில் இது. அதற்குப் பிறகு வெறும் நீல டிக். தளத்தில் புகார் செய்தால், ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்திவிட்டீர்கள், பணம் விற்றவருக்குப் போய்விட்டது என்கிறார்கள். 480 வெள்ளிக்கு ஆறுதலாக 10 வெள்ளி கூப்பன்.

எந்தச் சப்பாத்து எதற்கு என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது.

நுரை அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்பு விட்டாலோ தொடாதீர்கள். வட்ட முத்திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆற்றில் தண்ணீர் மேல்வழியாக உள்ளே வரும், வந்தது வெளியே போகாது, பாதம் ஊறி வெளுத்துத் தோல் உரியும். பக்கவாட்டில் வடிதுளை உள்ள பூட்ஸ் போதும். முள் இல்லாத வழுக்குச் சரிவுக்குப் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் ‘கம்போங் அடிடாஸ்’ ரப்பர் சப்பாத்தே மேல். விலையும் கொஞ்சம்தான், ஒரே வார்ப்பு, பிரிவதற்கு நடுவில் ஒன்றும் கிடையாது. அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க முழங்கால்வரை நெருக்க நெய்த காலுறை போடுங்கள், அதற்கு இடம் விட்டு அளவு எடுங்கள்.

வழியில் அடி கழன்றால் சைக்கிள் டியூப் துண்டால் கட்டுங்கள்; கேபிள் டை கல்லில் உரசி அறுந்துவிடும்.

வளைத்து, அழுத்தி, நனைத்துப் பார்க்காமல் அந்தப் ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை அழுத்தவே அழுத்தாதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் கேட்பார்கள். காசு கட்டுமுன்பே அதை வாங்கி வையுங்கள், பிறகு தர மாட்டார்கள்.